ஜெர்மன் ராணுவத்தின் பழைய உடைகள்: அசலைக் கண்டுபிடிப்பதும் வாங்குவதும்

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் படிக்க வந்திருக்கும் ஒருவர் கேட்டது இது. குளிருக்கு ஜெர்மன் ராணுவம் கழித்த பழைய ஜாக்கெட் ஒன்று வாங்க நினைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பழைய பொருள் சந்தையில் ஒருவர் சாம்பல் நிறக் கம்பளிக் கோட் ஒன்றைக் காட்டி, "உலகப் போர்க் காலத்து அசல், 180 யூரோ" என்றாராம். நம்பலாமா? இல்லையென்றால் வேறு எதை வாங்குவது?

அந்தக் கோட்டை வாங்க வேண்டாம். பார்க்காமலே சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். லைப்சிக் சந்தையில் தொங்கும் சாம்பல் நிறக் கம்பளிக் கோட் பெரும்பாலும் கிழக்கு ஜெர்மன் ராணுவத்தினுடையதாகத்தான் இருக்கும். அது நல்ல கோட்தான், ஆனால் போர்க் காலத்துப் பொருள் இல்லை, அந்த விலையும் பெறாது. போர்க் காலத்து அசல் என்றால் 180 யூரோவுக்கு யாரும் தர மாட்டார்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "ஜெர்மன் ராணுவ உடை" என்று ஒரே பெயரில் விற்கப்படுபவை மூன்று வெவ்வேறு ராணுவங்களுடையவை. 1945 வரை இருந்த வேர்மாக்ட், 1955 நவம்பரில் மேற்கு ஜெர்மனி தொடங்கி இன்றும் இருக்கும் புண்டஸ்வேர், 1956 மார்ச் 1-இல் கிழக்கு ஜெர்மனி தொடங்கி 1990 அக்டோபரில் நாடுகள் இணைந்தபோது கலைக்கப்பட்ட என்விஏ. உடுத்துவதற்கு வாங்குபவருக்கு வேண்டியது பின்னால் சொன்ன இரண்டுதான். அவற்றில் ஏராளமாகக் கிடைக்கிறது, விலை குறைவு, போலி செய்வதில் யாருக்கும் பெரிய லாபம் இல்லை. போலி, பொய், தலைவலி எல்லாம் முதலாவதில்தான்.

எந்த ராணுவத்து உடையானாலும் வெளிப்பக்கத்தைக் கடைசியாகப் பாருங்கள். சின்னம், கொடி, தோள்பட்டி இதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் தைத்துவிடலாம். லேபிள், உள்துணி, தையல் நூல், ஜிப் ஆகியவற்றை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. நான் சந்தையில் ஒரு உடையை எடுத்தால் முதல் வேலையாக அதை உள்வெளியாகப் புரட்டிவிடுவேன். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

புண்டஸ்வேர் உடை என்றால் உள்ளே தைத்த அல்லது அச்சிட்ட லேபிளில் தேட வேண்டியது 13 இலக்க எண். நேட்டோ நாடுகள் எல்லாம் தங்கள் பொருள்களுக்குப் போடும் இருப்பு எண் அது. நான்கு, இரண்டு, மூன்று, நான்கு என்று பிரித்து எழுதியிருக்கும். முதல் நான்கு இலக்கம் பொருளின் வகை: 8405, 8415 என்றால் உடை, 8430 என்றால் காலணி. அடுத்த இரண்டு இலக்கம்தான் நமக்கு முக்கியம், அது நாட்டின் எண். ஜெர்மனிக்கு 12. பிரான்சுக்கு 14, நெதர்லாந்துக்கு 17, பிரிட்டனுக்கு 99. 8415-12 என்று தொடங்கினால் ஜெர்மனி பதிவு செய்த பொருள். "ஜெர்மன் பார்கா" (தொப்பி வைத்த நீள ஜாக்கெட்) என்று விற்கும் ஒன்றில் 8415-17 என்று இருந்தால் அது டச்சு ராணுவத்துப் பொருள். விற்பவர் ஏமாற்ற நினைத்திருக்க வேண்டும் என்பதில்லை, மூட்டையில் வந்ததைப் பிரித்துத் தொங்கவிட்டிருப்பார். எண்ணோடு தைத்த நிறுவனத்தின் பெயர், அளவு, பல லேபிள்களில் ஆண்டு ஆகியவையும் இருக்கும். தொடக்க காலத்து உடைகளில் இந்த எண் இல்லாமலும் இருக்கலாம்; பல முறை துவைத்ததில் எழுத்து அழிந்தும் போயிருக்கும். அப்போது ஜிப்பைப் பாருங்கள். ஆப்டி என்று பொறித்த ஜிப்பும் பிரிம் என்று பொறித்த அழுத்துப் பட்டனும் புண்டஸ்வேர் உடைகளில் அடிக்கடி வரும் ஜெர்மன் தயாரிப்புகள்.

இணையத்தில் வாங்குவதானால் விளம்பர வாசகத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். ஜெர்மன் வியாபாரிகள் பெரும்பாலும் பொய் எழுதுவதில்லை, ஆனால் உண்மையைச் சிறிய எழுத்தில் எழுதுவார்கள். பேவே என்பது புண்டஸ்வேரின் சுருக்கம். "ஒரிகினால் பேவே கெப்ராஹ்ட்" என்றால் புண்டஸ்வேரில் இருந்து வந்த பயன்படுத்திய அசல். "பேவே ஆர்ட்", "இம் பேவே ஸ்டீல்", "நாஹ் பேவே முஸ்டர்" என்று எதைப் பார்த்தாலும் அது அதைப் போலச் செய்த புதிய பொருள். "நாஹ் டேஎல்" என்று இருந்தால் இன்னொரு வகை: புண்டஸ்வேரின் தொழில்நுட்ப விதிப்படி, அதே துணி, அதே வெட்டு என்று தைத்துக் கடைக்காகச் செய்தது. தரம் நன்றாகவே இருக்கும், ஆனால் எந்தச் சிப்பாயும் போட்டதில்லை. மில்டெக், எம்எஃப்ஹா என்ற பெயர்கள் லேபிளில் இருந்தால் அவை வணிக நிறுவனங்களின் பொருள்கள். அவர்கள் ராணுவம் கழித்த அசல் உபரியும் விற்கிறார்கள், தாங்களே செய்வித்த நகலும் விற்கிறார்கள். நகல் பார்காவைக் கையில் எடுத்தால் எடை குறைவாக இருக்கும், லேபிளில் இருப்பு எண் இருக்காது. மழைக்குள் நடக்க அதுவும் போதும் என்றால் தாராளமாக வாங்குங்கள், அசல் விலை கொடுக்காமல் இருந்தால் சரி.

இனி எதை வாங்கலாம் என்று பார்ப்போம். என்னைக் கேட்டால் முதலிடம் புண்டஸ்வேரின் மோல்ஸ்கின் உடைகளுக்குத்தான். மோல்ஸ்கின் என்பது இழை நெருக்கமாக நெய்து ஒரு பக்கம் மட்டும் மெத்தென்று உரசிய கனமான பருத்தித் துணி. காற்று உள்ளே புகாது, முள்ளில் மாட்டினாலும் லேசில் கிழியாது, துவைக்கத் துவைக்க மென்மையாகும். 1990 வாக்கில் ஃப்ளெக்டார்ன் என்ற புள்ளி போட்ட உடை வரும் வரை மேற்கு ஜெர்மன் சிப்பாயின் அன்றாட உடை இந்த ஆலிவ் நிறத் துணியில்தான் இருந்தது. சட்டை போன்ற ஜாக்கெட்டில் மார்பில் இரண்டு பை, தோள்பட்டி, இரண்டு கையின் மேல்பகுதியிலும் கறுப்பு-சிவப்பு-பொன் நிறச் சிறு கொடி. பழைய உடைகளில் ஆலிவ் வெளிறிச் சாம்பல் பச்சையாகி இருக்கும். அந்த வெளிறலுக்காகவே தேடி வாங்குகிறவர்கள் உண்டு. முழங்கையிலும் காலர் மடிப்பிலும் துணி நூலாகத் தெரிகிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அந்த இடம் போனால் உடை போய்விட்டது.

குளிருக்கு என்றீர்கள், அதற்குப் பார்கா. தொடை வரை நீளம், தொப்பி, இடுப்பில் இறுக்கும் கயிறு, உள்ளே பட்டனால் கழற்றி மாட்டும் உரோமம் போன்ற லைனிங். இந்த லைனிங்தான் விஷயமே. சந்தையில் பல பார்காக்கள் லைனிங் இல்லாமல் விற்கப்படுகின்றன. அல்லது வேறு அளவு லைனிங்கை மாட்டி வைத்திருப்பார்கள். உள்ளே உள்ள பட்டன் வரிசையும் லைனிங்கின் துளைகளும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று முழுவதும் மாட்டிப் பாருங்கள். லைனிங் இல்லாத பார்கா ஜனவரியில் லைப்சிக்கில் உதவாது. வேடிக்கை என்னவென்றால் 1980-களில் இதே பார்காவை அணிந்துகொண்டுதான் மேற்கு ஜெர்மன் இளைஞர்கள் ஏவுகணைகளுக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். அதனால் கொடியோடு அணிந்தாலும் அதில் ராணுவ வெறி இருப்பதாக இங்கே யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பதவிச் சின்னம் தைத்த உடை வேறு கதை. பணியில் இல்லாதவர் சீருடையோடு சின்னம் அணிவதை ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 132ஏ பிரிவு தடுக்கிறது. தோளில் பட்டை, நட்சத்திரம் ஏதாவது மிச்சம் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

பான்சர்கொம்பி என்று தேடினால் டாங்கிப் படையினரின் முழு உடை கிடைக்கும். மேலிருந்து கீழாக நீளும் ஜிப்புகள், முதுகில் ஒரு வலுவான பட்டை. காயம்பட்டவரை டாங்கிக்குள் இருந்து தூக்கி எடுக்க அந்தப் பட்டை. மோட்டார் சைக்கிள்காரர்களும் பட்டறைக்காரர்களும் விரும்பி வாங்குவது இதைத்தான். ஆனால் அவசரமாகக் கழிப்பறைக்குப் போகும்போது அதன் அருமை வேறு மாதிரி தெரியும்.

ஃப்ளெக்டார்ன் எனப்படும், எதிரியின் கண்ணில் படாமல் மறைவதற்கான புள்ளிக் கோலம் 1976-இல் சோதிக்கப்பட்டு 1990 வாக்கில்தான் படைக்கு வந்தது. அதனால் "1970-களின் ஃப்ளெக்டார்ன்" என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். அதில் ஐந்து நிறம்: வெளிர் சாம்பல் பச்சை, நடுப் பச்சை, கரும்பச்சை, செம்பழுப்பு, கறுப்பு. பழுப்பே இல்லாமல் மூன்று நிறம் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் 1984-இல் வந்த டென்மார்க் ராணுவத்துக் கோலம். இரண்டையும் ஒன்றாகவே குவித்து விற்கிறார்கள். ஃப்ளெக்டார்னில் மழைக்கான கோர்டெக்ஸ் (நீர் புகாத துணி) ஜாக்கெட்டும் உண்டு. வாங்கினால் உள் தையல்மேல் ஒட்டிய பட்டை உரிகிறதா என்று விரலால் நிமிண்டிப் பாருங்கள். உரிந்தால் தண்ணீர் உள்ளே வரும், அதைச் சரிசெய்ய ஆகும் செலவில் வேறு ஒன்று வாங்கிவிடலாம்.

காலணியில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெள்ளைத் தோல், மூக்கில் சாம்பல் நிற மெருகில்லாத் தோல், பழுப்பு ரப்பர் அடி, இதுதான் புண்டஸ்வேரின் உடற்பயிற்சிக் காலணி. முதலில் செய்தது அடிடாஸா பூமாவா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. மேசோன் மார்ஜியெலா என்ற ஆடம்பர நிறுவனம் இதே வடிவத்தை எடுத்து விற்ற பிறகு உலகமே தேடத் தொடங்கியது. அசல் உபரி ஜோடியைவிட அந்த நகல் பல மடங்கு விலை! உபரி ஜோடியை வாங்கும்போது காலணியை நன்றாக வளைத்துப் பாருங்கள். பல ஆண்டு கிடங்கில் கிடந்த ரப்பர் இறுகி வெடித்திருக்கும். அளவு மில்லிமீட்டரில் எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம், 270 என்றால் பாதத்தின் நீளம் 27 சென்டிமீட்டர்.

கடற்படைக் கம்பளிக் கோட் வேண்டுமானால் கோலானி என்று தேடுங்கள். கீல் நகரச் சீருடைத் தையற்காரர் பெர்ட்ஹோல்ட் கோலானியின் பெயரால் வழங்குவது. கருநீலம், இரண்டு வரிசைப் பட்டன். அலுவலகத்துக்கும் போட்டுப் போகலாம்.

அடுத்து என்விஏ. லைப்சிக் பழைய கிழக்கு ஜெர்மனி, அதனால் உங்கள் ஊரில் இதுதான் நிறைய கண்ணில் படும். 1990-இல் ஒரு முழு ராணுவத்தின் கிடங்குகள் ஒரே அடியாகச் சந்தைக்கு வந்தன, அந்தச் சரக்கு இன்னும் தீரவில்லை. புலத்தில் அணிந்தது ஸ்டிரிச்டார்ன்: சாம்பல் கலந்த பச்சைத் தரையில் பழுப்பு நிறக் குட்டிக் குட்டிச் செங்குத்துக் கோடுகள், மழை பெய்வது போல. 1965 முதல் ராணுவம் கலையும் வரை இதுதான். இதன் குளிர்கால ஜாக்கெட் பஞ்சு வைத்துத் தைத்து, காலரில் செயற்கை உரோமம் வைத்தது. அழகு என்று சொல்ல மாட்டேன், ஆனால் விலைக்கு இதைவிடச் சூடான பொருள் கிடைப்பது கடினம். பழுப்பு நிறத்தில் சிவப்பும் மஞ்சளும் கோடு போட்ட பயிற்சி உடையும் அவர்களுடையதே. பெர்லின் இரவு விடுதிகளில் அதைத்தான் நாகரிகம் என்று போட்டுத் திரிகிறார்கள்.

என்விஏ உடையின் லேபிளை அறிய எளிய வழி அளவுக் குறியீடு. எம் 48, கா 44, கே 52 என்ற மாதிரி ஒரு எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எழுத்து உயரத்தைக் குறிக்கும்: கா குட்டை, எம் நடுத்தரம், கே நெட்டை. எண் மார்புச் சுற்றளவில் பாதி. நேட்டோ எண் இருக்கவே இருக்காது, எதிரணி ராணுவம் அல்லவா.

இப்போது உங்கள் சாம்பல் கோட்டுக்கு வருவோம். என்விஏவின் கம்பளிச் சீருடை வெட்டிலும் காலரிலும் பழைய வேர்மாக்ட் பாணியை விடாமல் வைத்துக்கொண்டது. பட்டன்கூட அதே பொரிபொரியான உலோகப் பட்டன். இதனால்தான் அனுபவம் இல்லாதவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. ஆனால் நிறம் காட்டிக்கொடுக்கும். என்விஏ நிறம் கல் சாம்பல். வேர்மாக்டின் சீருடை நிறமான ஃபெல்ட்கிராவில் பச்சை சேர்ந்திருக்கும். உள்துணி வழுவழுப்பான செயற்கை இழையாக இருந்தால் அதோடு முடிந்தது. எழுத்தும் எண்ணும் சேர்ந்த அளவு லேபிள் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதே குழப்பம் மேற்கிலும் உண்டு. புண்டஸ்வேர் தொடக்க ஆண்டுகளில், 1956-ஐ ஒட்டி, உடைந்த கண்ணாடித் துண்டுகள் போன்ற கோணல் கோலத்தில் ஓர் உடை வைத்திருந்தது. அது 1931-இல் ஜெர்மன் ராணுவக் கூடாரத் துணிக்கு வந்த கோலத்தின் வாரிசு. அதேபோல 1951-இல் தொடங்கிய எல்லைக் காவல் படை, போர்க் காலத்துச் சதுப்புநிலக் கோலத்தை ஒட்டிய துணியில் உடை தைத்துப் போட்டது. இரண்டும் "போர்க் காலத்து அசல்" என்ற பெயரில் பத்து மடங்கு விலையில் விற்கப்படுவதைப் பார்க்கலாம். அவை தம்மளவிலேயே சேகரிக்கத் தக்கவை, சரியான பெயரில் சரியான விலைக்குக் கிடைத்தால்.

வேர்மாக்ட் உடை வாங்குங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆனாலும் கேட்டீர்கள், எப்படிச் சோதிப்பார்கள் என்று சொல்கிறேன். சிப்பாயின் மேலங்கி ஆண்டுக்கு ஆண்டு மாறியது. 1936 மாதிரியில் கரும்பச்சைக் காலர், மடிப்பு வைத்த நான்கு பை, வளைவு வெட்டிய மூடி, முன்னால் ஐந்து பட்டன். 1940-இல் காலரும் உடம்பு நிறமே ஆனது. 1943 மாதிரியில், துணி மிச்சம் பிடிக்க, பையின் மடிப்பும் மூடியின் வளைவும் இல்லை, பட்டன் ஆறு. 1944-இல் பிரிட்டிஷ் போர் உடை மாதிரி குட்டையாகிவிட்டது. கம்பளியும் கடைசியில் விஸ்கோஸ் என்ற செயற்கை இழை கலந்து தரம் இறங்கியது. ஒரே உடையில் 1936-இன் காலரும் 1943-இன் பையும் இருந்தால் விளக்கம் கேளுங்கள். பழைய காலரை மாற்றித் தைத்த உண்மையான உடைகளும் உண்டு, ஏமாற்றுவதற்காக ஒட்டுப் போட்டவையும் கூடை கூடையாக உண்டு.

உள்ளே தைத்த லேபிளைத் தேடாதீர்கள், சிப்பாய் உடையில் அது கிடையாது. உள்துணியில் மையால் முத்திரை குத்தியிருக்கும்: கழுத்து, மார்பு, முதுகு, கை, மொத்த நீளம் என்று ஐந்து எண், கிடங்கின் எழுத்தும் ஆண்டும், தைத்த நிறுவனம். ஈ 40 என்றால் எர்ஃபுர்ட் கிடங்கு 1940, எம் என்றால் மியூனிக். போரின் பிற்பகுதியில் நிறுவனப் பெயருக்குப் பதில் நீண்ட எண் வந்தது. அந்த எண்களை டேப் வைத்து அளந்து ஒப்பிடுங்கள். முத்திரை மார்பு 92 என்கிறது, உடை மார்பு 110 உள்ளவருக்குப் பொருந்துகிறது என்றால் எங்கோ இடிக்கிறது. முன்பக்கத்தின் கீழே, உள்ளே, காயக்கட்டு வைக்கும் சிறு பை இருக்க வேண்டும்.

புற ஊதா விளக்கு ஒன்று சில யூரோவுக்குக் கிடைக்கும். இருட்டில் பிடித்தால் தையல் நூல் வெளிர்நீலமாக ஒளிர்ந்தால் எச்சரிக்கை: பாலியெஸ்டர் நூலும் வெண்மையூட்டும் ரசாயனமும் பரவலானது போருக்குப் பிறகுதான். ஆனால் இந்தச் சோதனையை வேதவாக்காக எடுக்க முடியாது. யாராவது அசல் உடையை இன்றைய சோப்புத்தூளில் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும். முழு உடையும் சீராக ஒளிர்ந்தால் சோப்பு, நூல் மட்டும் ஒளிர்ந்தால் நூல் என்று எடுத்துக்கொள்ளலாம். வரலாற்று நிகழ்ச்சிகளில் நடிப்பவர்களுக்காக வெளிப்படையாகவே நகல் சீருடை தைத்து விற்கிறார்கள். கையிலிருந்து கை மாறி, மண்ணில் புரட்டித் தேநீர்க் கறை ஏற்றி, சில ஆண்டில் அதுவே "தாத்தாவின் பரணில் கிடைத்தது" ஆகிவிடும். தாத்தா கதை எவ்வளவு உருக்கமோ, அவ்வளவு சந்தேகப்படுங்கள். வேர்மாக்ட் உடையில் இருக்கும் சுவஸ்திகா தாங்கிய கழுகுச் சின்னத்தைப் பொது இடத்தில் காட்டுவது ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 86ஏ பிரிவின்படி குற்றம், ஆஸ்திரியாவில் 1947-இன் தடைச் சட்டம் இன்னும் கடுமை. சந்தையில் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். வெளிநாட்டு மாணவர் விசாவில் இருப்பவருக்கு இந்தச் சிக்கல் எதற்கு?

வாங்கும் இடம் என்று பார்த்தால், புண்டஸ்வேர் கழித்த பொருள்களை மத்திய அரசின் சார்பில் விற்பது ஃபிராங்ஃபர்ட்டில் உள்ள வேபெக் நிறுவனம். ஆனால் அங்கே மூட்டை மூட்டையாகத்தான் ஏலம், ஒரு ஜாக்கெட்டுக்கு வழி இல்லை. அதை எடுத்து வரும் ஆர்மிஷாப் கடைகளும், சந்தையும், இணையத்தில் வரும் க்ளைன்ஆன்ட்ஸைகன் விளம்பரங்களும்தான் நமக்கு. மோல்ஸ்கின், பார்கா, ஸ்டிரிச்டார்ன் எதுவானாலும் இரண்டிலக்க யூரோவைத் தாண்ட வேண்டியதில்லை. மூன்றிலக்கம் கேட்டால் அது "விண்டேஜ்" என்று பலகை மாட்டிய கடை, வாடகையை உங்களிடம் வாங்குகிறார்கள். வசந்த காலத்தில் பார்கா வாங்குங்கள், அக்டோபரில் விலை ஏறிவிடும்.

லேபிள் அளவை நம்பி இணையத்தில் பணம் கட்டாதீர்கள். புண்டஸ்வேரின் 8, 10 என்ற எண்ணுக்கும் கடை அளவுக்கும் தொடர்பு இல்லை. பழைய பருத்தி சுருங்கியும் இருக்கும். உங்களுக்குப் பொருந்தும் ஜாக்கெட் ஒன்றைத் தரையில் விரித்து அக்குளிலிருந்து அக்குள் வரை, தோள், கை நீளம் அளந்து வையுங்கள், விற்பவரிடமும் அதே மூன்று அளவைக் கேளுங்கள். பார்காவுக்குள் ஸ்வெட்டர் போடுவீர்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள். நம் உடம்புவாகுக்கு ஜெர்மன் கை நீளம் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். மோல்ஸ்கின்னில் கையைச் சுருட்டிவிடலாம், பார்காவில் அது அசிங்கமாக இருக்கும்.

கிடங்கு வாசனை எல்லாவற்றிலும் வரும். மோல்ஸ்கின்னை 30 டிகிரியில் துவைத்துக் காற்றில் காய வையுங்கள், உலர்த்தும் இயந்திரத்தில் போட்டால் சுருங்கும். கம்பளியைத் துவைக்காமல் வெளியே தொங்கவிட்டாலே பாதி நாற்றம் போகும். பூச்சி அரித்த சிறு துளை தெரிந்தால் பையில் கட்டி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்த பிறகே மற்ற துணிகளோடு சேருங்கள்.

ஊருக்குப் போகும்போது ஒரு எச்சரிக்கை. ஆலிவ் மோல்ஸ்கின் பிரச்சினை இல்லை, ஆனால் ஃப்ளெக்டார்ன், ஸ்டிரிச்டார்ன் போன்ற கோலம் போட்ட உடையை இலங்கைக்கு எடுத்துப் போகாதீர்கள். விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். பார்படோஸ், ஜமைக்கா போன்ற கரீபியன் நாடுகளில் பொதுமக்கள் அதை அணிவதே சட்டவிரோதம். இந்தியாவில் சிப்பாய் என்று நம்ப வைக்கும் நோக்கத்தோடு அணிந்தால்தான் குற்றம். ஆனால் பயன்படுத்திய துணி இறக்குமதிக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு, அதனால் நண்பருக்கு வாங்கியதைத் தபாலில் அனுப்பாமல் உங்கள் பெட்டியிலேயே வைத்து எடுத்துப் போங்கள்.